மோப்பம் அக்காவின் வைத்தியம்

லாண்டரியில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "மோப்பம்" என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் துணிகளைப் பிரித்துப் போடுவது அவள் வேலை. போர்வையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும், இது எண்ணெய், இது மருந்து, இது போன தடவை சரியாகக் காயாமல் மடித்தது என்று சொல்லிவிடுவாள். கூட வேலை செய்கிறவர்கள் கேலியாக வைத்த பட்டம் அது. அவளுக்கு உள்ளூர அதில் பெருமைதான்.

அந்த மூக்கு வீட்டுக்கு வந்த பிறகும் ஓயாது. புருஷன் கடைசிப் படியில் கால் வைக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும், இன்றைக்குக் குடித்திருக்கிறான். ஏலக்காய் மென்றாலும் தெரியும், பல் தேய்த்துவிட்டு வந்தாலும் தெரியும். பல் தேய்த்துவிட்டு வந்தால் இன்னும் நன்றாகத் தெரியும், சாயங்காலத்தில் எவன் பல் தேய்ப்பான்? ஃபிளஷ் டேங்குக்குள், பழைய பூட்ஸுக்குள், மாவு டப்பாவுக்குள் என்று அவன் ஒளித்துவைத்த பாட்டில்களையெல்லாம் இடம் பிசகாமல் எடுத்திருக்கிறாள். அவன் ஒவ்வொரு தடவையும் "குடிக்கல" என்றுதான் சொல்லியிருக்கிறான். அப்புறம் அந்த வார்த்தைக்கு என்ன மரியாதை இருக்கும், சொல்லுங்கள்.

அவன் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவன். இயந்திரத்தில் பீய்ச்சுகிற பாலிஷ் இல்லை, கைப்பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியைப் பந்தாகச் சுருட்டி அதில் தோய்த்து, மேஜையின்மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தூசு விழக்கூடாது என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டுத்தான் வேலை செய்வார்கள். அப்படி இறக்கியிருந்த ஒரு பிற்பகலில் சுவரில் இருந்த ஸ்விட்ச் பொறி தட்டி, ஸ்பிரிட் டின் பற்றிக்கொண்டது. அறையில் இரண்டு பேர், இவனும் இவனோடு பல வருஷம் சேர்ந்து தேய்த்த கூட்டாளியும். கூட்டாளி ஆறடிக்கு மேல் என்பதால் அவனை நெட்டையன் என்பார்கள். இவன் ஷட்டருக்கு அடியில் உருண்டு வெளியே வந்துவிட்டான். நெட்டையன் வரவில்லை. உள்ளேயிருந்து இவன் பேரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டான். அவ்வளவுதான்.

அதற்கு முன்னாலும் இவன் எப்போதாவது குடிக்கிறவன்தான். அதற்குப் பிறகு அந்தக் குரல் கேட்காமல் இருக்கக் குடித்தான். வேலையை விட்டான். தீக்குச்சி உரசினால் தூக்கி வாரிப்போடும். பெட்ரோல் பங்க் இருக்கிற தெரு என்றால் சுற்றிக்கொண்டு போவான். தூக்கத்தில் கத்துவான். முதலில் போன ஆஸ்பத்திரியில், "குடியை நிறுத்திட்டு வாங்க, கனவையெல்லாம் அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிப் படுக்க வைத்தார்கள். நிறுத்தினான். நிறுத்தியதும் நெட்டையன் பகலிலேயே கூப்பிட ஆரம்பித்தான். வீட்டுக்கு வந்த வாரமே பாட்டிலும் வந்துவிட்டது.

இரண்டாவதாகப் போன ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி பேசினார்கள். இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம் என்றார்கள். குடிக்கிற ஆசையைக் குறைக்க ஒரு மாத்திரை, கெட்ட கனவுக்கு ஒரு மாத்திரை. அது போக வாரம் ஒருமுறை ஒரு டாக்டரம்மாவோடு கதவைச் சாத்திக்கொண்டு பேச்சு. மோப்பம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஒரு வேலையையே ஒழுங்கா முடிக்கத் தெரியாத ஊருல, ரெண்டையும் சேத்து முடிப்பாங்களாம்" என்று லாண்டரியில் வந்து பொருமினாள். "மருந்து குடுக்கிறது சரி. அந்தம்மா இவரைக் கண்ணை மூடச் சொல்லி நெருப்புக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்குதாம். ஆறுற புண்ணை யாராவது கிளறுவாங்களா?"

"ஆறுதா என்ன?" என்று கேட்டாள் பட்டன் அக்கா. அறுந்துபோன பட்டன்களைத் தைப்பது அவள் பிரிவு. ஊசியும் கையுமாக இருப்பதால் ஊர்க்கதை அத்தனையும் அவளிடம்தான் வந்து சேரும்.

ஆறவில்லை என்பது மோப்பத்துக்கும் தெரியும். இருந்தாலும் அவளுக்கு எதிலும் நம்பிக்கை வரவில்லை. சொல்கிற கதையைப் போனில் பதிவு செய்து வீட்டில் தினம் கேட்கச் சொல்லியிருந்தார்கள். அவன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவான். வியர்த்துக் கொட்டும். இவள் காப்பி ஆற்றுகிற சாக்கில் பின்னால் போய் நிற்பாள். யாரோடு பேசுகிறான், நிஜமாகவே கதைதானா, இல்லை எவளாவதா? ஒருநாள் ஒயரைப் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். அவன் குரல்தான். "ஷட்டர்" என்ற வார்த்தை கேட்டது. அதற்குமேல் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை, திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவன் மறுபடி மாட்டிக்கொண்டான்.

ஆனால் ஒன்று, அந்த மாதங்களில் பாட்டில் எதுவும் அகப்படவில்லை. அவளும் தேடாத இடமில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? அதுதான் இல்லை. அகப்படாததே அவளுக்குக் கிலியாக இருந்தது. முன்னைவிட நன்றாக ஒளிக்கக் கற்றுக்கொண்டானோ என்று நினைத்தாள்.

அப்போதுதான் டாக்டரம்மா இவளையும் உள்ளே கூப்பிட்டு அந்தக் குண்டைப் போட்டாள். பயந்து ஒதுங்குகிற இடத்துக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும், பாலிஷ் பட்டறைக்கும் போக வேண்டும். முதலில் மூடிய ஸ்பிரிட் டின்னுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், அப்புறம் திறந்த டின், அப்புறம் துணியை எடுத்துத் தேய்க்க வேண்டும். நெஞ்சு அடிக்கும், அடிக்கட்டும், ஓடக்கூடாது, தானாக அடங்கும். ஒவ்வொரு தடவையும் அது குறைவாக அடிக்கும். அடங்கிவிட்டால் நெருப்பின் பிடி தளர்ந்துவிடும், பழைய வேலைக்குப் போகலாம்.

மோப்பம் எழுந்தே விட்டாள். "குடிகாரனைக் கொண்டுபோய் ஸ்பிரிட் டின் பக்கத்துல உக்கார வைக்கிறீங்களே, நல்லாருக்கீங்களாம்மா நீங்க?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நீங்க கேக்கிறது நியாயம்தான். அந்த ஸ்பிரிட் விஷம்னு அவருக்கு உங்களையும் என்னையும் விட நல்லாத் தெரியும். ஆசைக்கு மாத்திரை போயிட்டிருக்கு. கூடவே பட்டறை மேஸ்திரி இருப்பாரு. பயம் போனாத்தான் குடி போகும், குடி நின்னாத்தான் பயத்தோட மல்லுக்கட்ட முடியும். அதான் ரெண்டையும் சேத்து இழுக்கிறோம்."

பதில் என்னவோ சரியாகத்தான் இருந்தது. ஆனால் மோப்பத்தை உறுத்திய விஷயம் வேறு. பட்டறைக்குப் போய் வந்தால் சட்டை, தலைமுடி, நகக்கண் எல்லாம் ஸ்பிரிட் நெடி அடிக்கும். அந்த நெடிக்கு நடுவில் அவன் ஒரு வாய் குடித்துவிட்டு வந்தால் எந்த மூக்கால் கண்டுபிடிப்பது? இத்தனை வருஷம் அவள் கையிலிருந்த ஒரே ஆயுதம் அந்த மூக்கு. அதை ஒரு படித்த பெண் சிரிக்காமல் பிடுங்கிக்கொண்டுவிட்டாள்.

"இதுக்கா கவலைப்படுற?" என்றாள் பட்டன் அக்கா. "எங்க சித்தி வீட்டுக்காரருக்குக் குடுத்தாங்களே, ஒரு மாத்திரை. பொடி பண்ணிக் காப்பியில கலந்துட்டா ஒண்ணும் தெரியாது. அவரு பாட்டுக்கு நல்லா இருப்பாரு. குடிச்சாரு வெச்சுக்க, மூஞ்சி ரத்தமாச் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்துடும். மூக்கே வேணாம், கண்ணாலேயே பாத்துக்கலாம்."

"டாக்டரைக் கேக்க வேணாமா?"

"கேட்டா அவங்க இவருகிட்ட சொல்லிடுவாங்க. இவரு உஷாராயிடுவாரு. அப்புறம் எதுக்கு?"

இந்த நியாயம் மோப்பத்துக்குப் பிடித்துவிட்டது. பட்டன் அக்காவே எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்தாள். காலையில் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கி, காப்பியில் போட்டு, சர்க்கரையைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, "இன்னைக்குக் காப்பி நல்லாருக்கு" என்று சொன்னபோது மட்டும் நெஞ்சில் ஏதோ குத்தியது. நல்லதுக்குத்தானே என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

மூடிய டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த நாட்களில் ஒன்றும் ஆகவில்லை. நடுங்கிப்போய் வந்தான், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "நெஞ்சு அடிச்சுது. ஓடல" என்றான். மோப்பமும் மனசைக் கொஞ்சம் தளர்த்தினாள். அடுத்த வாரம் அவன் டின்னைத் திறந்து துணியைக் கையில் எடுத்தான். ஷட்டர் இறக்கிய அறையில் ஒரு பலகையை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

அன்றைக்கு மேஸ்திரிதான் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். முகம், கழுத்து, காது எல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது. வாசலிலேயே வாந்தி எடுத்தான். மேஸ்திரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் பாக்கலம்மா, ஆனா எனக்கு என்னமோ சரியாப் படல. சாப்பாட்டு நேரத்துல வெளிய போயிட்டு வந்தாரு" என்று இழுத்தார்.

மோப்பத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிவந்த முகம், படபடப்பு, வாந்தி! பட்டன் அக்கா சொன்ன மூன்றும் வரிசையாக வந்து நின்றன. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. துக்கத்தோடு துக்கமாக, தான் நினைத்தது சரிதான் என்ற ஒரு அற்ப சந்தோஷமும் அவளுக்கு இருந்தது. அதை இங்கே மறைப்பானேன்.

"குடிச்சியா?"

"இல்ல."

"யோவ், என் தலையில மிளகாய் அரைக்காத. குடிச்சியா இல்லையா?"

"சத்தியமா இல்ல. டீ குடிக்கத்தான் வெளிய போனேன். தேய்க்க ஆரம்பிச்சதும் நெஞ்சு அடிச்சுது. அடங்கும்னு பாத்தேன், ஏறிக்கிட்டே போச்சு."

மறுபடி போனான், மறுபடி அதே கதை. மூன்றாவது தடவை பட்டறையிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டான். மேஸ்திரி, "உடம்பு சரியானப்புறம் வாங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அவன் கட்டிலில் சுருண்டு படுத்தான். காதில் மாட்டும் ஒயர் போன இடம் தெரியவில்லை.

"இனிமே ஆஸ்பத்திரிக்கு வரல" என்றான் சுவரைப் பார்த்து. "எல்லாருக்கும் குறையுமாம். எனக்கு ஏறுது. அவன் என்னை விட மாட்டான். நான் உருண்டு வெளிய வந்ததை அவன் மறக்க மாட்டான். மருந்து என்ன பண்ணும், பேச்சு என்ன பண்ணும்?"

மோப்பத்தின் காதில் இது நடிப்பாகத்தான் விழுந்தது. குடித்து மாட்டிக்கொண்டவன் செத்தவன் மேல் பழியைப் போடுகிறான். அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்து துணிகளைப் பையில் அடுக்கினாள். போவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை பாக்கி. அந்த டாக்டர்கள் முன்னால் இவன் முகத்திரையைக் கிழிக்க வேண்டும். "கடைசியா ஒரு தடவை வாங்க. வந்தா பையைப் பிரிக்கிறேன். வரலைன்னா நான் கெளம்புறேன்" என்றாள். அவன் வந்தான். அவனுக்கு இருந்தது அவள் ஒருத்திதான், அது அவளுக்கும் தெரியும்.

அறையில் மாத்திரை டாக்டரும் இருந்தார், டாக்டரம்மாவும் இருந்தாள். மோப்பம் உட்காரவே இல்லை. "இவரு குடிச்சிருக்காரான்னு டெஸ்ட் எடுங்க."

ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். ஊதினான். டாக்டர் கருவியைத் திருப்பிக் காட்டினார். "ஒண்ணும் இல்லம்மா."

"இது என்ன மிஷினோ! நேத்துக் குடிச்சது இன்னைக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க அவரை நம்புறோம்" என்றாள் டாக்டரம்மா. "பதற்றம் ஏன் குறையலைன்னுதான் புரியல. முதல் வாரம் நல்லாத்தான் குறைஞ்சுது. துணியைக் கையில எடுத்ததுக்கு அப்புறம்தான்..."

"பதற்றமா? காதுல பூ சுத்துறாரு, நீங்களும் சுத்த விடுறீங்க!" மோப்பம் கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை மேஜைமேல் போட்டாள். "இந்தாங்க, என்கிட்ட சாட்சி இருக்கு. தினம் காலையில காப்பியில கலந்து குடுக்கிறேன். குடிக்காதவங்களை இது ஒண்ணும் பண்ணாது. குடிச்சா மூஞ்சி செவக்கும், நெஞ்சு அடிக்கும், வாந்தி வரும். மூணும் வந்துச்சா இல்லையா, கேளுங்க இவரை!"

வென்றுவிட்ட மாதிரி நின்றாள். டாக்டர் அட்டையை எடுத்துப் படித்தார். அவர் முகம் மாறியது.

"இதை எப்பலேர்ந்து குடுக்கிறீங்க?"

"பட்டறைக்குப் போக ஆரம்பிச்சதுலேர்ந்து."

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "அம்மா, இதை நாங்களும் சில பேருக்குக் குடுப்போம். அவங்ககிட்ட சொல்லி, ஒத்துக்கிட்டா, ரத்தம் எல்லாம் பாத்துட்டு. இது உடம்புல இருக்கும்போது வாய் வழியா உள்ள போறது மட்டும் கணக்கில்ல. மூடின ரூம்ல ஸ்பிரிட் ஆவியை மூச்சுல இழுத்தாலே போதும், கையெல்லாம் ஸ்பிரிட்டா தேய்ச்சாலும் போதும். செவக்கும், அடிக்கும், வாந்தி வரும். அவருக்கு வந்தது அதுதான்."

"அப்ப... குடிக்கலையா?"

"இதைத் தினமும் குடுத்திருக்கீங்க. நடுவுல அவர் ஒரு கிளாஸ் குடிச்சிருந்தா, இப்படி நடந்து வந்திருக்க மாட்டார். தூக்கிட்டுத்தான் வந்திருப்பீங்க. ஆளே போயிருக்கவும் கூடும். அவர் குடிக்கலைங்கிறதுக்கு இதைவிட வேற சாட்சி வேணுமா?"

மோப்பம் பேயறைந்த மாதிரி நின்றாள். இத்தனை வருஷமாக அவள் தேடியது இதைத்தான், சந்தேகத்துக்கு இடமே இல்லாத ஒரு சாட்சி. அது கிடைத்தது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டே இத்தனை நாள் அவனைக் குற்றவாளியாக்கி நிறுத்தியிருக்கிறாள். அந்த நிமிஷம் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவன் அவளைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவைத்தான் பார்த்தான். "அப்ப அது பயம் இல்லையா? அவன் இல்லையா?"

"உங்க பயம் குறைஞ்சுக்கிட்டுத்தான் வந்துச்சு. நம்மளாலதான் அதைப் பாக்க முடியாமப் போச்சு" என்றாள் அவள். அவள் குரலும் சரியாக இல்லை. "உடம்புல வேற ஏதாவது இருக்கான்னு நானும் தேடியிருக்கணும். தேடல."

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தோள் குலுங்கக் குலுங்க அழுதான். மோப்பம் கையை நீட்டினாள். அவன் நகர்ந்து உட்கார்ந்தான்.

"காப்பி நல்லாருக்குன்னு சொன்னேனே" என்றான், மூடிய கைக்குள்ளிருந்தே. "சொன்னப்ப நீ சிரிச்ச."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல் தப்பித்தது. அந்த மாத்திரை உடம்பைவிட்டு முழுசாக இறங்க இரண்டு வாரம் ஆகும், அதுவரை பட்டறை வேண்டாம் என்றார்கள். அவன் வீட்டிலேயே இருந்தான், ஆனால் வீட்டில் எதையும் வாயில் வைக்கவில்லை. தெருமுனைக் கடையில் பன்னும் வாழைப்பழமும் வாங்கித் தின்றான். தண்ணீரைக்கூடக் குழாயைத் திறந்து தானே பிடித்துக் குடித்தான். அவள் போட்டு வைத்த காப்பி ஆறி, ஆடை கட்டி, சாயங்காலம் தொட்டியில் கொட்டப்பட்டது. ஒருநாள் அவன் அவள் காப்பி வைத்த டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்ததைச் சமையலறையிலிருந்து பார்த்தாள். சண்டை போட்டிருந்தால் திருப்பிச் சண்டை போடலாம். அவன் சண்டையே போடவில்லை. எப்போது கிளம்பிப் போவானோ என்று பயந்து, லாண்டரியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, அவன் செருப்பு வாசலில் கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள்.

"மன்னிச்சிடுங்கன்னு கேளேன்" என்றாள் பட்டன் அக்கா, தலை நிமிராமல் தைத்துக்கொண்டே.

"கேட்டேன். கேட்டுக்கிட்டாரு. அவ்வளவுதான்."

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதை அவன் நிறுத்தவில்லை. டாக்டர் எழுதிய மாத்திரைகளை அட்டையிலிருந்து தானே பிரித்துப் போட்டுக்கொண்டான். ஒயரை மறுபடி காதில் மாட்டினான். அவள் பின்னால் போய் நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு துணி மடித்தாள்.

டாக்டர் சரி சொன்ன பிறகு, மேஸ்திரியிடம் டாக்டரம்மாவே பேசினாள். அவன் பட்டறைக்குப் போன அன்றைக்கு மோப்பத்துக்கு வேலையே ஓடவில்லை. ஆஸ்பத்திரித் துணியையும் ஓட்டல் துணியையும் ஒன்றாகக் கலந்துவிட்டுத் திட்டு வாங்கினாள்.

சாயங்காலம் அவன் தனியாகவே படியேறி வந்தான். விரல் எல்லாம் அரக்கு ஒட்டியிருந்தது. முகம் எப்போதும் போல இருந்தது.

"ஒரு மேஜை" என்றான், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "முழுசாத் தேய்ச்சு முடிச்சேன். நடுவுல நெஞ்சு அடிச்சுது. அவன் கூப்பிட்டான். கேட்டுக்கிட்டே தேய்ச்சேன். கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடுச்சு."

அவள் துண்டை எடுத்து நீட்டினாள்.

அவன் கை கழுவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தான். "சாப்பாடு போடு."

தட்டு வைத்தாள், பரிமாறினாள். அவன் தட்டைத் தொடவில்லை. அவள் பக்கம் தள்ளினான்.

"முதல்ல நீ."

வேறொரு நாளாக இருந்தால், என்னை என்னவென்று நினைத்தாய் என்று ஊரைக் கூட்டியிருப்பாள். பேசாமல் உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் அவள் கையைப் பார்த்தான், வாயைப் பார்த்தான், தொண்டையைப் பார்த்தான். தப்பே செய்யாமல் இருக்கும்போதும் இப்படி ஒருவர் பார்த்தால் வாய் வறண்டு போகும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மென்றது உள்ளே இறங்கவில்லை.

"முழுங்கு."

விழுங்கினாள்.

"இன்னொரு வாய்."

அதையும் விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவன் அதையும் பார்த்தான். கொஞ்ச நேரம் காத்திருந்தான். அப்புறம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நாளைக்கும் இப்படித்தான்" என்றான்.

"சரிங்க."

"எத்தனை நாளைக்குன்னு எனக்கே தெரியாது."

"சரிங்க" என்றாள். அவன் சாப்பிட ஆரம்பித்தான்.